இருபத்திரண்டாவது நொடியில் அமுக்கியது யார்

கீழே விழுந்தவன் தான் விழுந்த கதையை எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. அவன் அப்போது அங்கே இல்லை, உடம்பு மட்டும்தான் இருந்தது. அதனால் இதில் பாதி நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. மீதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து பார்த்தது. என்னைப்போல, தலை சுற்றினால் "ஒண்ணுமில்லை" என்று சொல்லியே பழகியவர்கள் யாராவது படித்தால் உபயோகப்படட்டும்.

எனக்கு எழுபது வயது. மலையாள நாட்டில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வலியசாலையில் வீடு. நானும் என் மனைவி லலிதாவும்தான். ஒரே பெண் மீனா எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறாள். மின்சார ஆய்வு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கட்டடங்களின் வயரிங்கையும் லிஃப்டையும் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது என் வேலை. வீடுகளில் கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் கருவி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அது அடிக்கடி விழும். தொல்லை தாங்காமல் அதைக் கழற்றிவிட்டு நேர்க்கம்பி கொடுத்துவிடுவார்கள். "அது விழுந்தால் காரணம் இருக்கும். காரணத்தைத் தேடுங்கள், கருவியின் வாயைக் கட்டாதீர்கள்" என்று வீடு வீடாகச் சொன்னவன் நான். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

போன வருஷம் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் விழுந்து மணிக்கட்டில் விரிசல் வந்தது. வழுக்கிவிட்டது என்றேன். லலிதா, "அன்னிக்கு மழையே இல்லையே" என்றாள். தலைசுற்றலாக இருக்கலாம் என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மீனாவுக்கு மாத்திரையில் நம்பிக்கை வரவில்லை. ஒரு டாலர் வாங்கி அனுப்பினாள்.

நகைக்கடை டாலர் இல்லை. தீப்பெட்டி அளவில் வெள்ளையாக, நடுவில் சிவப்புப் பொத்தானோடு கழுத்தில் தொங்குவது. உள்ளே சிம் கார்டும் குட்டி ஸ்பீக்கரும் இருக்கின்றன. ஆபத்தென்றால் பொத்தானை அமுக்கலாம். அமுக்க முடியாமல் விழுந்துவிட்டாலும் அதுவே கண்டுபிடித்துவிடும். உடம்பு சட்டென்று கீழே போய், எதிலோ மோதி, பிறகு அசையாமல் இருந்தால் பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும். முப்பது நொடி கத்தும். அதற்குள் பொத்தானை அமுக்கினால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு அடங்கிவிடும். அமுக்காவிட்டால் மீனாவுக்கும், அடுத்த வீட்டு கணேசனுக்கும் போன் போகும். குளியலறையிலும் பூஜை அறையிலும்தான் வயதானவர்கள் விழுகிறார்கள், அதனால் அங்கேயெல்லாம் கழற்றவே கூடாது என்பது மீனாவின் கட்டளை.

முதல் நாள் காலையிலேயே வம்பு வந்தது. சந்தியாவந்தனம் முடித்துவிட்டு சுவாமிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக நமஸ்காரம் செய்வது என் வழக்கம். முட்டி போட்டு மெதுவாக இறங்குகிற ஆள் இல்லை நான். நின்ற இடத்திலிருந்து அப்படியே போவேன். டாலருக்கு பக்தி தெரியுமா? மனுஷன் விழுந்துவிட்டான் என்று கத்தியது. நான் பொத்தான் எங்கே என்று தேடுவதற்குள் முப்பது நொடி போய்விட்டது. ஸ்பீக்கரில் மீனாவின் குரல் பதறியது.

"அப்பா! என்ன ஆச்சு?"

"நமஸ்காரம் ஆச்சு" என்றேன்.

பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். நமஸ்காரத்துக்கு முன் டாலரை முதுகுப் பக்கம் தள்ளிவிடுவேன், மார்பில் குத்தாது. எழுந்ததும் முன்னால் இழுத்து அமுக்குவேன். எட்டு நொடி, பத்து நொடியில் அடங்கிவிடும். வீட்டில் அந்தச் சத்தத்துக்கு நமஸ்கார மணி என்று பெயரே வந்துவிட்டது. ரத்தான அலாரங்கள் மீனாவின் போனில் ஒரு பட்டியலில் போய்ச் சேரும். தினமும் வந்ததால் அவளும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

இப்போது நான் ஒளித்ததைச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய சில மாதங்களில் இரண்டு தடவை ஒரு மாதிரி நடந்தது. கைகூப்பி நின்றது ஓர்மை இருக்கிறது. அடுத்து ஓர்மை இருப்பது கன்னத்தில் தரையின் குளிர்ச்சி. நடுவில் எதுவும் இல்லை. டாலர் சத்தமில்லாமல் கிடந்தது. நானே அமுக்கியிருப்பேன் என்று எண்ணிக்கொண்டேன். முதல் தடவை வெளியே வந்தபோது லலிதா, "ஏன்னா, இன்னிக்கு இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"மனசு லயிச்சுடுத்து" என்றேன்.

வாயில் வந்த பொய். ஆனால் அவள் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் என் பக்தியை அவள் மதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அது எனக்குப் பிடித்துப் போயிற்று. இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரி, பிறகு எர்ணாகுளம் ஃபிளாட்டில் பன்னிரண்டாவது மாடி என்று எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மூன்றாவது தடவை நெற்றி கிழிந்தது.

அன்று காலை நடந்ததாக லலிதா டாக்டர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: பீப் சத்தம் கேட்டது, நின்றது. கொஞ்சம் கழித்து வந்து பார்த்தபோது நான் நெற்றியில் ரத்தத்தோடு எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைத்திருக்கும் மரப்பலகையின் விளிம்பில் அடிபட்டிருந்தது. கணேசன் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் லலிதா பழைய வேட்டியை மடித்து என் நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

அவசரப் பிரிவில் ஏழு தையல் போட்டார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள், இல்லை. பிறகு கேள்விகள் வந்தன. கை கால் வெட்டி இழுத்ததா, நாக்கைக் கடித்துக்கொண்டேனா, வேட்டி நனைந்ததா. கடைசியாக, "குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. என் அப்பா ஐம்பத்தெட்டு வயதில் கோயில் சன்னதியில் நமஸ்காரம் செய்யப் போனவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் தெருவில் அதை யாரும் திடீர்ச் சாவு என்று சொன்னதில்லை. பகவான் காலடியிலேயே எடுத்துக்கொண்டார் என்றார்கள். யாருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம் என்று எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாக்கியத்தை யாராவது டாக்டரிடம் வியாதி என்று சொல்வார்களா? எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

இரண்டாம் நாளிலிருந்து இருதயப் பிரிவு டாக்டர் ஷீபா பார்த்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். மலையாளத்தில் பேசினாலும் நான் தமிழில் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் ஒரு சின்னக் குறை இருந்தது. இதயம் அடிப்பதற்கான மின்சாரம் மேல் அறையிலிருந்து கீழ் அறைகளுக்கு இரண்டு கிளையாகப் பிரிந்து போகிறதாம். என் வலது கிளையில் கொஞ்சம் தாமதம். "இது இந்த வயசில் நிறைய பேருக்கு உண்டு, இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்றார். வயரிங் விஷயம் ஆனதால் எனக்கு உடனே புரிந்தது. இன்னொரு லைன் நன்றாக இருக்கும்வரை வீடு வெளிச்சமாகத்தான் இருக்கும்.

எக்கோ எடுத்தார்கள். இதயம் சுருங்கி விரிவதை டி.வி.யில் பார்ப்பதுபோல் பார்க்கும் பரிசோதனை அது. நன்றாக இருந்தது. மார்பில் ஐந்து வயர் ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டி கட்டி, இருபத்துநான்கு மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஒன்றும் இல்லை. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நிற்கும்போது கொஞ்சம் இறங்கியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் கீழ்மாடியில் சக்கர நாற்காலியில் வரிசை. பக்கத்தில் காத்திருப்பவர்கள் ஒருவர் மடியில் இருக்கும் ஃபைலை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். யார் ஃபைல் தடிமனோ அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

இரவுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தூக்கம் வருகிற சமயத்தில் கண்ணை மூட பயமாக இருக்கும். பூஜை அறையிலும் இப்படித்தான் ஒரு நொடியில் எல்லாம் போயிற்று. இப்போது போனால் திரும்பி வருவேனா என்று தெரியாது. நர்ஸ் வந்து, "அச்சா, உறங்கியில்லே?" என்று கேட்பாள். தூங்கிவிட்டேன் என்பேன். தூங்கினவன் எப்படிப் பதில் சொல்வான் என்று அவள் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

மீனா லீவு போட்டுவிட்டு வந்து இன்ஷூரன்ஸ் கவுன்ட்டருக்கும் என் அறைக்கும் அலைந்துகொண்டிருந்தாள். கணேசன் வீட்டிலிருந்து தினமும் ஒரு தூக்கில் கஞ்சியும் சுட்ட அப்பளமும் வந்தன. லலிதா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தாள். வழக்கமாக என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் அவளுக்கு ஒரு மணி நேரம் போகாது. அந்த நான்கு நாளும் பேச்சே இல்லை. பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் மீனா தன் போனை டாக்டரிடம் காட்டினாள். டாலரின் பட்டியலில் நான் விழுந்த நாளின் வரி இருந்தது. விழுந்தது கண்டறியப்பட்டது, இருபத்திரண்டாவது நொடியில் ரத்து.

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "இது நல்ல விஷயமாக்கும்" என்றார். இருபத்திரண்டு நொடியில் நானே பொத்தானைத் தேடி அமுக்கியிருக்கிறேன் என்றால் அதற்குள் நல்ல நினைவு வந்துவிட்டது. நமஸ்காரம் செய்து வேகமாக எழும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, தடுமாறி நெற்றியை இடித்துக்கொண்டேன். இதயம் நின்று விழுந்ததாகத் தெரியவில்லை. நான் தினமும் சாப்பிடும் பிரஷர் மாத்திரையைக் குறைத்து, தண்ணீர் நிறையக் குடித்து, மெதுவாக எழுந்தால் போதும். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்.

"நீங்கள்தானே அமுக்கினீர்கள்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அமுக்கியதாக எனக்குத் துளிகூட ஓர்மை இல்லை. கைகூப்பி நின்றேன், பிறகு லலிதாவின் முகம். அவ்வளவுதான். ஆனால் வேறு யார் அமுக்கியிருப்பார்கள்? அதைவிட, வீட்டுக்குப் போகலாம் என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டது.

"ஆமாம் டாக்டர்" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருவது உள்ளே போவதைவிடக் கஷ்டம். காலை பத்து மணிக்கே டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டார்கள். பில் தயாராகி, இன்ஷூரன்ஸ் கம்பெனி சரி சொல்லவேண்டும். மீனா கீழே போய் உட்கார்ந்தாள். நான் சொந்த வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைபோல் கட்டில் விளிம்பில் இருந்தேன். மார்பிலிருந்த வயர்களை எடுத்துவிட்டார்கள். லலிதா ஃபிளாஸ்க், டம்ளர், துண்டு என்று ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். துண்டை மடித்தவள் அப்படியே நின்றாள்.

"ஏன்னா, நேத்திக்கு டாக்டர்ட்ட ஆமாம்னேளே. நீங்க அமுக்கினது ஓர்மை இருக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"இருக்கா, இல்லையா?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். துண்டு மடியில் இருந்தது.

"நான்தான் அமுக்கினேன்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மணி அடிச்சுது. நிக்கலை. வந்து பாத்தேன், குப்புறக் கிடந்தேள். லயிச்சு இருக்கேள்னு நெனைச்சேன். நமஸ்காரம் பண்றவாளைத் தொடப்படாதோல்லியோ. சத்தம் கலைச்சுடுமேன்னு முதுகுல கிடந்த டாலரை மெதுவா அமுக்கிட்டுப் போயிட்டேன். பால் பொங்கிண்டிருந்துது." மடியிலிருந்த துண்டை மறுபடி மடித்தாள். "கை முன்னாடி நீட்டியிருக்கலை. மார்புக்குக் கீழே மடங்கிக் கிடந்துது. அதைக்கூட நான் பாக்கலை."

"லலிதா—"

"இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை அமுக்கியிருக்கேன். நீங்க மனசு லயிச்சுடுத்துன்னு சொன்னேளே, அந்த ரெண்டு நாளும். அப்பவும் கலைக்கப்படாதுன்னுதான்."

தலையில் கல்லைப் போட்டதுபோல் இருந்தது. அவள் செய்ததற்காக அல்ல. அந்த இரண்டு நாளும் நான் மயங்கிக் கிடந்திருக்கிறேன், டாலர் கத்தியிருக்கிறது, முதல் தடவை பக்தி என்று எண்ணியும் அடுத்த தடவை என் பொய்யை நம்பியும் அவள் அதன் வாயை மூடியிருக்கிறாள். மூன்றாவது தடவை அவள் பால் பாத்திரத்தைப் பார்க்கப் போனதும் அந்தப் பொய்யை நம்பித்தான்.

அப்போது நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று இப்போது தெரிகிறது. நான் செய்தது வேறு.

"சரி, விடு. யார் அமுக்கினா என்ன? ஆத்துக்குப் போகலாம்" என்றேன்.

"நீங்க அமுக்கலைன்னா டாக்டர் போட்ட கணக்கே தப்பாச்சே."

"இப்பப் போய்ச் சொன்னா இன்னும் பத்து நாள் போட்டு வெச்சுடுவா. எல்லா டெஸ்டும் நன்னாத்தானே இருக்கு? சொல்லாதே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பயந்தது ஊசிக்கோ ஆபரேஷனுக்கோ மட்டும் இல்லை. டாக்டர் தோண்டித் துருவினால் லயித்த கதை பொய் என்று வெளியே வந்துவிடும். அறுபத்தாறு வயதுக்காரி தான் கொலைகாரி ஆகியிருப்பேனோ என்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு என் மரியாதை பெரிதாக இருந்தது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

லலிதா எழுந்தாள். புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். மெதுவாக என் விரலைப் பிரித்துவிட்டுப் போனாள். வராந்தாவில் நர்ஸ் மேஜையிலிருந்து அவள் மலையாளம் கேட்டது.

"சிஸ்டரே, டோக்டரை ஒண்ணு விளிக்கணும். ஒரு காரியம் பறயான் விட்டுபோயி."

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் கட்டில் விளிம்பில் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஷீபா வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மீனாவும் மேலே வந்துவிட்டாள். பில் ரெடி, போகலாம் என்று சிரித்துக்கொண்டு வந்தவள் அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டாள். லலிதா டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்; எழுந்திருக்கப் பார்த்தேன் என்று முதலில் சொன்னது சரியில்லை, காப்பியோடு வந்தபோதும் நான் அசையாமல்தான் கிடந்தேன், திருப்பிப் போட்ட பிறகுதான் விழித்தேன் என்பதையும். டாக்டர் திட்டவில்லை. வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மே, பொத்தானை அமுக்கின பிறகு என்ன செய்தீர்களோ, அதை இங்கே செய்து காட்டுங்கள். அவசரப்பட வேண்டாம். அன்றைக்கு எப்படியோ அப்படியே."

லலிதா என் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, வெறும் காற்றில் ஒரு பொத்தானை அமுக்கினாள். திரும்பி ஜன்னல்வரை நடந்தாள். அங்கே அடுப்பைத் தணித்தாள். பாத்திரத்தை இறக்கினாள். டிகாக்‌ஷனை எடுத்து டம்ளரில் விட்டாள், பால் விட்டாள், சர்க்கரை போட்டாள். அன்றைக்கு ஆற்றினாளாம், இரண்டு தடவை ஆற்றினாள். கையில் ஒன்றும் இல்லாமல் ஆற்றினாள். டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்து வந்து என்னைப் பார்த்து, "ஏன்னா, காப்பி" என்றாள். பிறகு அழுதுவிட்டாள்.

டாக்டர் வாட்சைப் பார்த்தார். "ஒரு நிமிஷத்துக்கு மேலே. முன்னாடி இருபத்திரண்டு நொடி." லலிதாவின் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். "திருப்பிப் போட்டபோது முகம் என்ன நிறத்தில் இருந்தது?"

"சாம்பல் மாதிரி வெளுத்திருந்துது. கூப்பிட்டேன், கன்னத்துல தட்டினேன். அப்புறம் சட்டுன்னு செவந்துது, கண்ணு வரைக்கும். செவந்தப்புறம்தான் முழிச்சார்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வெளுத்துப் போவதும் பிறகு திடீரென்று சிவப்பதும் முக்கியமான அடையாளம் என்று பின்னால் விளக்கினார். இதயம் நின்றால் ரத்த ஓட்டம் நின்று முகம் வெளுக்கும். மறுபடி அடிக்கத் தொடங்கும்போது ரத்தம் ஒரேயடியாகப் பாய்ந்து சிவக்கும். அதைப் பார்த்த ஒரே ஆள் லலிதா.

"அச்சனுக்கோ அண்ணன் தம்பிக்கோ ஏதாவது?" என்று மறுபடி கேட்டார்.

"இவரோட அப்பா" என்றாள் லலிதா. "நமஸ்காரம் பண்ணினவர் எழுந்திருக்கலை."

டாக்டர் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னாலேயே முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் வழுக்கவில்லை என்றேன். இரண்டு தடவை பூஜை அறையில் நினைவில்லாமல் கிடந்தேன் என்றேன். மனசு லயிக்கவில்லை, மயக்கம்தான் என்றேன். லலிதாவைப் பார்க்காமல் சொன்னேன். மீனா போனில் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எட்டு நொடி, ஒன்பது நொடி, எட்டு நொடி என்று வந்த வரிசையில் ஒரு பத்தொன்பதும் ஒரு இருபத்தைந்தும் இருந்தன. இத்தனை நாளும் அவள் கையிலேயே இருந்தவை. அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

டிஸ்சார்ஜ் ரத்தாயிற்று. சட்டையைக் கழற்றினேன். மறுபடி வயர்களை ஒட்டி, இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அடுத்த அறையில், எந்நேரமும் திரையில் துடிப்பு ஓடும் இடத்தில் போட்டார்கள்.

மறுநாள் மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தாயா, வீட்டுக்கே போயிருக்கலாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை. மூன்று மணி இருக்கும். மீனாவிடம் வீட்டுக் கரண்ட் பில்லைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேனாம். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். கண் திறந்தபடி மேலே போயிற்று. திரையில் மலையும் பள்ளமுமாக ஓடிய கோடு நேர்க்கோடாகிவிட்டது. இந்த முறை கத்திய அலாரத்தை யாரும் அமுக்கவில்லை. நர்ஸ் மார்பில் கையை வைக்கும்போது கோடு தானாகத் துள்ளியது. ஒன்பது நொடி நின்றிருந்தது. நான் கண் விழித்து வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேனாம்.

அன்று சாயங்காலமே கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குத் தற்காலிகமாக ஒரு வயர் போட்டார்கள். மறுநாள் காலை பேஸ்மேக்கர். மயக்க மருந்து கிடையாது. இடது தோள் எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, தோலுக்கடியில் ஒரு பெட்டியை வைப்பார்கள். அதிலிருந்து இரண்டு வயர்கள் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். இதயம் அடிக்க மறந்தால் பெட்டி ஞாபகப்படுத்தும். முகத்தின்மேல் பச்சைத் துணி போட்டிருந்தார்கள். வலி இல்லை, யாரோ பலமாக அமுக்குவதுமட்டும் தெரிந்தது. வயரை ஒரு டாக்டர் "இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். என் வேலையை என் உடம்புக்குள் இன்னொருவர் செய்துகொண்டிருந்தார். கையெழுத்துப் போட நான் பக்கத்தில் இல்லை.

முடிந்த பிறகு டாக்டர் ஷீபாவிடம் கேட்டேன். "அன்னிக்கு ஆத்துக்குப் போயிருந்தா?"

"போகவில்லையே" என்றார்.

மீனா வெளியே போயிருந்த நேரம் பார்த்து லலிதாவிடம் சொன்னேன். "லயிச்சுதுன்னு சொன்னது பொய். நான் அதைச் சொல்லாம இருந்தா அன்னிக்கு நீ அமுக்கியிருக்க மாட்டே."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "நாப்பத்திமூணு வருஷமா உங்களைத் தெரியாதா எனக்கு? உங்களுக்கு மனசு லயிக்கிறதாவது" என்றாள். ஒரு சுளையை என் கையில் வைத்தாள். "ஆனாலும் நம்பினேன். நம்பறதுக்கு நன்னாயிருந்துது."

சுளையைத் தின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மீனா ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். டாலரை என்னைத் தவிர யாரும் அமுக்கக்கூடாது. நான் எழுந்து உட்கார்ந்து நானே அமுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது போன் பண்ணட்டும், எத்தனை மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன் என்கிறாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது என்று சொன்ன ஆறு வாரமும் முடிந்தது. டாக்டரிடம் நமஸ்காரத்தைப் பற்றிக் கேட்டேன். முட்டியை முதலில் ஊன்றி, மெதுவாகச் செய்யலாம் என்றார்.

இன்று காலை பூஜை அறையில் நின்றேன். லலிதா வாசற்படியில் வந்து நின்றாள். வேலை இருந்தால் போ என்றேன், போகவில்லை. டாலரைத் தள்ளிவிட்டு, முட்டியை ஊன்றி, வயசான யானைபோலக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். கையை நீட்டினேன். தழும்பு இழுத்தது. நெற்றி தரையில் பட்டதும் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை, சும்மா கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவ்வளவு மெதுவாக இறங்கியதால் டாலர் கத்தவே இல்லை. அறை நிசப்தமாக இருந்தது.

எங்கள் வீட்டில் நமஸ்காரத்தில் இருப்பவனிடம் யாரும் பேசியது கிடையாது. என் அப்பா காலத்திலிருந்து இல்லை.

"ஏன்னா" என்றாள் லலிதா. "இருக்கேளா?"

தரையில் முகத்தை வைத்தபடியே சொன்னேன்.

"இருக்கேன்."